ஞாயிறு இரவில் கட்டிய தூக்குப் பாலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தங்கச்சிமடத்தில் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் வீடு. மார்கழிக்குச் சற்று முந்தைய ஞாயிறு, மாலை 7 மணி. 7-ஆம் வகுப்பு படிக்கும் மகள் பையை அடுக்கும்போது டைரியைப் பிரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'எளிய இயந்திரங்கள்: இயங்கும் மாதிரி ஒன்று' என்று எழுதியிருந்தது. கொடுக்க வேண்டிய நாள் திங்கள். டீச்சர் சொல்லிப் பத்து நாளாகிவிட்டது.

"என்னாத்தா இது, இப்பச் சொல்ற?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த நேரத்தில் பதில் தேவையும் இல்லை. திட்டுவதைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்தது அந்த வீட்டின் முதல் நல்ல முடிவு. அரை மணி நேரம் அழுத பிள்ளைக்கு நூல் கோக்கக் கை நிற்காது.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். விடிந்தால் அப்பா கிளம்பிவிடுவார். கத்தி பிடிக்கிற கை, முடிச்சுப் போடுகிற கை இரண்டும் ஞாயிறு இரவோடு சரி. தெருமுனை ஸ்டேஷனரிக் கடையும் சாத்தியாகிவிட்டது. ஆக, வீட்டில் இருப்பதை வைத்து மூன்றரை மணி நேரத்தில் முடித்தாக வேண்டும்.

எதைச் செய்வது என்று முடிவெடுத்த விதம்

முதல் கால் மணி நேரம் பொருள் தேடப் போகவில்லை. அம்மா உடன் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டு, டீச்சர் உண்மையில் என்ன கேட்டார் என்று விசாரித்தார். மூன்று விஷயம் தெளிவானது: மாதிரி அசைய வேண்டும், ஒரு சார்ட்டில் படமும் பாகங்களின் பெயரும் வேண்டும், பிள்ளை இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். அழகுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. இந்த ஒரு போன் குறைந்தது ஒரு மணி நேர வேலையை மிச்சம் பிடித்தது. கடைசி நேரத்தில் ஓடும் வீடுகளில் பெரும்பாலும் இந்த விசாரணைதான் விடுபடும். யாரும் கேட்காத தென்னை மரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ராத்திரி பதினொரு மணிக்கு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைக்குப் பாம்பன் பாலம்தான் வேண்டும். முதலில் அவள் வரைந்தது இரண்டு தாடை திறப்பது போன்ற பாலம். அது 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம். அதன் நடுப்பகுதி ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரால் வழங்கும் உருளும் தூக்கு வகை. இரு பக்கமும் ஆட்கள் கையால் சுற்றித் திறந்து வந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே போகிறது. இரண்டுக்கும் பக்கத்திலேயே 1988-இல் திறந்த சாலைப் பாலம் வேறு. தினமும் பஸ்ஸில் கடக்கிற பிள்ளைகள்கூட இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். சார்ட்டில் பழைய பாலத்தின் படமும் புதிய பாலத்தின் ஆண்டும் சேர்ந்து வந்தால் மாதிரி எவ்வளவு நன்றாக அசைந்தாலும் போச்சு.

பழையதைச் செய்வதா, புதியதைச் செய்வதா? பழையதின் வளைந்த அடிப்பாகம் உருளுவதற்குச் சரியான வட்ட வில் வெட்ட வேண்டும். இரு பக்கமும் நடுவில் ஒட்டாமல் பொருந்த வேண்டும். ஒரு ராத்திரி வேலை அல்ல. புதியதில் உள்ளவை கப்பி, எதிர் எடை, சுற்றுத்தண்டு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). மூன்றும் எளிய இயந்திரப் பாடத்துக்குள் அடங்கும். புதியது என்று முடிவானது.

அளவு: 1 செ.மீ.க்கு 2 மீட்டர். முழுப் பாலமும் 2.08 கி.மீ.; இந்த அளவில் அது 10 மீட்டர் 40 செ.மீ. வரும், வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். எனவே தூக்குப் பகுதி 36 செ.மீ., இரு கோபுரம் தலா 4 செ.மீ., அடுத்த 18.3 மீட்டர் கண் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி) ஒன்று இரு பக்கமும் தலா 9 செ.மீ. என 62 செ.மீ.யோடு நிறுத்தினார்கள். எழும்பும் உயரம் 8.5 செ.மீ. பெருக்கல் முழுவதையும் பிள்ளையே போட்டாள். வகுப்பில் 'ஏன் இவ்வளவு நீளம்?' என்று கேட்டால் அவள் வாயில் பதில் இருக்க வேண்டுமே.

பொருள்கள்

அடித்தளத்துக்கு மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி, 65-க்கு 25 செ.மீ.யாக வெட்டியது. கவிச்சு போக சோப்பும் புளித்தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். (தெர்மாகோலே கூடாது என்கிற பள்ளிகள் உண்டு, அங்கே அட்டைப் பெட்டியின் அடியை மூன்று அடுக்காக ஒட்டிக்கொள்ளலாம், கனம் கூடும், அவ்வளவுதான்.) கோபுரத்துக்கும் பாலத்துக்கும் மளிகைக் கடை அட்டைப் பெட்டி ஒன்று. கப்பிக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். அச்சுக்குச் சித்தப்பா வீட்டுப் பழைய சைக்கிளின் ஸ்போக் கம்பி இரண்டு. சுற்றுத்தண்டுக்குத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் உடல். எதிர் எடைக்கு இரண்டு தீப்பெட்டித் தட்டு, கொஞ்சம் சில்லறை. ஈர்க்குச்சி, ஃபெவிகால், நூல், ரப்பர் பேண்டு, மெழுகுவர்த்தி.

எடைக்கு அப்பா எடுத்து வந்தது வலையில் கட்டும் ஈயக்குண்டு. கச்சிதமான பொருள்தான். ஆனால் ஈயம் பிள்ளைகள் கையில் புழங்கக் கூடாதது. வகுப்பில் நாற்பது பேர் தொட்டுப் பார்ப்பார்கள். சில்லறைக்கு மாறியதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. 2011-இல் அறிமுகமான வரிசையின் 5 ரூபாய் நாணயம் சரியாக 6 கிராம், அதே வரிசை 1 ரூபாய் 3.79 கிராம். தராசு இல்லாத வீட்டில் நாணயம்தான் படிக்கல். பழைய கனத்த 5 ரூபாய் 9 கிராம் வரும். இரண்டையும் கலந்தால் ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

வேலை போன ஒழுங்கு

7.45-க்குக் கத்தி எடுத்தார்கள். ஒட்டிக் காய வேண்டியது முதலில், அசைய வேண்டியது அடுத்து, வண்ணம் கடைசியில் என்று வரிசை வைத்தார்கள். கடலோர ஈரக்காற்றில் ஃபெவிகால் லேசில் பிடிக்காது. கடலுக்குத் தள்ளி இருக்கிற ஊரில் அரை மணியில் இறுகுகிற ஒட்டு, வாடைக்காற்று மாதத்தில் ஒரு மணி நேரம் எடுக்கும். அள்ளி அப்பினால் இன்னும் மோசம். அட்டை ஊறிக் கொழகொழத்துவிடும். மெல்லிய பூச்சு, மேலே துணிக் கிளிப் அல்லது கனமான புத்தகம், ஃபேன் என்பதே முறை. அவசரத்துக்கு ஃபெவிக்விக் எடுக்க நினைப்பார்கள். அது தெர்மாகோலைக் கரைத்துக் குழி விழச் செய்யும், பிள்ளையின் விரலையும் ஒட்டும். ஸ்ப்ரே பெயிண்ட்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

கோபுரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், உயரம் 22 செ.மீ., கால்களுக்கு நடுவே 7 செ.மீ. அட்டையின் உள்வரிகள் மேலும் கீழுமாக ஓடும்படி வெட்டினால்தான் கால் நிமிர்ந்து நிற்கும். குறுக்காக வெட்டினால் முதல் பாரத்திலேயே மடங்கும். ஒவ்வொரு காலும் சதுரக் குழாய் போல நான்காக மடித்து ஒட்டியது. மேலிருந்து 1 செ.மீ. கீழே ஸ்போக் போக ஓட்டை. நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே குத்தில் ஓட்டை போட்டது அப்பாவின் யோசனை. தனித்தனியாக அளந்து போட்டால் ஒரு மில்லிமீட்டராவது ஏறி இறங்கும். அச்சு சாய்ந்தால் நூல் ஒரு பக்கமாக நழுவும்.

தூக்குப் பகுதி 36-க்கு 5 செ.மீ., இரண்டு அடுக்கு அட்டை. பக்கவாட்டில் 4 செ.மீ. உயரத்துக்கு ஈர்க்குச்சியால் முக்கோண முக்கோணமாகச் சட்டம். இதைப் பிள்ளையே ஒட்டினாள். கோணல்மாணலாகத்தான் வந்தது, அப்படியே விடப்பட்டது. சட்டம் அலங்காரம் அல்ல. அது இல்லாவிட்டால் 36 செ.மீ. அட்டை நடுவில் தொய்ந்து, இரு முனையும் உள்ளே வந்து கோபுரத்தில் சிக்கும். முடிந்தபோது எடை 55 கிராமை ஒட்டி இருந்தது.

கப்பிதான் மொத்த மாதிரிக்கும் உயிர். தையல் மெஷின் பாபின் நான்கு கையில் இருந்ததால் முதலில் அதைத்தான் மாட்டினார்கள். பார்க்கக் கப்பி மாதிரியே இருக்கும், வேலைக்கு ஆகவில்லை. பாபினின் ஓட்டை ஸ்போக்கைவிட மூன்று மடங்கு அகலம். உரசல் நடப்பது ஓட்டையின் ஓரத்தில். அந்த ஓரம் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக, சக்கரத்தைத் திருப்ப அதிக இழுவை தேவைப்படும். சக்கரம் பெரிதாகவும் ஓட்டை சிறிதாகவும் இருந்தால்தான் லேசாக ஓடும்.

மாற்று இப்படி: பத்திரிகை அட்டையில் 10 ரூபாய் நாணயத்தை வைத்து இரண்டு வட்டம், அதன் விட்டம் 27 மி.மீ.; 2011 வரிசை 5 ரூபாயை வைத்து நடுவில் போட இரண்டு வட்டம், விட்டம் 23 மி.மீ. பெரியது, சின்னது இரண்டு, பெரியது என்று அடுக்கி ஒட்டினால் 2 மி.மீ. ஆழப் பள்ளத்தோடு கப்பி தயார். நடுப்புள்ளி கண்டுபிடிக்க அதே அளவுக் காகித வட்டத்தை நான்காக மடித்தால் போதும். காம்பஸ் முனையால் குத்தி, ஸ்போக்கை நுழைத்துச் சுழற்றி, மெழுகை உருக்கி ஒரு சொட்டு விட்டார்கள். இப்படி நான்கு கப்பி, ஒரு கோபுரத்துக்கு இரண்டு. நடு தப்பினால் கப்பி ஆடும், பாலமும் கூடவே ஆடும். ஆறு செய்து ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள், ஒன்றை உபரியாக வைத்தார்கள்.

தூக்குப் பகுதியின் நான்கு மேல் மூலையிலிருந்தும் நான்கு நூல் கப்பி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கோபுரத்துக்கு ஒன்றாகத் தீப்பெட்டித் தட்டில் முடிகிறது. அதுதான் எதிர் எடை. ஒவ்வொரு தட்டின் அடியிலிருந்தும் தனி நூல் ஒன்று அடித்தளத்து ஓட்டை வழியாகக் கீழே போய், வெற்று ரீஃபில் துண்டு ஒன்றுக்குள் நுழைந்து திரும்பி, ஓரத்தில் உள்ள பேனாத் தண்டுக்கு வருகிறது. இதற்காகவே மூடிக்கு அடியில் 4 செ.மீ. உயரத்துக்குத் தெர்மாகோல் கட்டை வைத்துத் தூக்கியிருந்தார்கள். பேனாவைச் சுற்றினால் இரு எடையும் ஒன்றாகக் கீழே இழுபடும், பாலம் மட்டமாக மேலே வரும். பேனாவின் விட்டம் 8 மி.மீ., ஒரு சுற்றுக்கு 25 மி.மீ. நூல், 8.5 செ.மீ. எழும்ப ஏறக்குறைய மூன்றரைச் சுற்று.

பிசகிய இடங்கள்

9.30-க்கு முதல் ஓட்டம். பாலம் நகரவே இல்லை. காரணம் தங்கூசி, அதாவது மீன் பிடிக்கிற நைலான் இழை. வீட்டில் தாராளமாகக் கிடப்பது, மீனையே இழுக்கிறது, அட்டையை இழுக்காதா என்று அப்பா அதைத்தான் கோத்திருந்தார். ஆனால் தங்கூசிக்குத் தன் சுருளின் நினைப்பு போகாது. பத்துக் கிலோ மீன் இழுத்தால் நிமிரும். ஒரு நூலுக்குப் பதினாலு கிராம் தொங்குகிற இடத்தில் அது சுருண்டே நின்று, கப்பியின் பள்ளத்திலிருந்து துள்ளி வெளியே வந்துவிடும். அம்மாவின் தையல் நூலை இரட்டையாக முறுக்கிப் போட்டதும் அடங்கியது. அந்த முடிச்சுகளை எல்லாம் மகள்தான் போட்டாள்.

இரண்டாவது ஓட்டத்தில் பாலம் எழும்பியது, கோபுரங்கள் உள்பக்கம் சாய்ந்தன. மேலே போகப் போகச் சாய்வு கூடியது. கோபுரம் பலவீனம் என்று நினைத்துச் சித்தப்பா எம்-சீல் பிசைய ஆரம்பித்தார். கோளாறு அங்கே இல்லை. கப்பியின் உள் ஓரம் பாலத்து முனைக்கு நேர் மேலே இல்லாமல் ஒன்றரை செ.மீ. தள்ளி இருந்தது. நூல் சாய்வாக இறங்கியது. சாய்ந்த நூல் கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். பாலம் ஏறி, நூலின் நீளம் குறையும்போது அதே ஒன்றரை செ.மீ. இன்னும் பெரிய கோணமாகிவிடும். கோபுரத்தைப் பெயர்த்து உள்ளே தள்ளி, நூல் செங்குத்தாகத் தொங்கும்படி ஒட்டியதும் நிமிர்ந்தது. பாலத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டார்கள். அதற்குக் குறைந்தால் காலையில் ஈரத்தில் அட்டை உப்பிச் சிக்கும். எம்-சீல் வீணாகவில்லை, பேனாத் தண்டுக்குக் கைப்பிடி ஆயிற்று.

பிறகு எடை. இந்தப் பொறுப்பு முழுக்க மகளுடையது. தட்டுக்கு நான்கு 5 ரூபாய் போட்டாள். தட்டும் சேர்ந்து இரு பக்கமும் 52 கிராம், பாலம் 55. பேனாவைத் தளர்த்தினாலும் பாலம் பாதியில் நின்றது. 3 கிராம் வித்தியாசம் நான்கு கப்பியின் உரசலை வெல்லப் போதவில்லை. மூன்றாகக் குறைத்தாள், 40 கிராம். சடாரென்று விழுந்து ஈர்க்குச்சி ஒன்று தெறித்தது, சுற்றும்போதும் கை கனத்தது. மூன்று 5 ரூபாயோடு ஒரு 1 ரூபாய் சேர்த்தாள். 7 கிராம் வித்தியாசத்தில் பாலம் தானாக, மெதுவாக, மட்டமாக இறங்கியது. இதைப் பெரியவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். ஆனால் மறுநாள் விளக்க வேண்டிய விஷயமே இதுதான்: நிலையான கப்பி இழுக்கும் திசையை மட்டும் மாற்றும், எடையைக் குறைக்காது; சுமையைத் தாங்குவது எதிர் எடை; கை தூக்குவது மிச்சமுள்ள வித்தியாசத்தையும் உரசலையும் மட்டும். மூன்று முறை சில்லறை மாற்றிய பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பிசகு சின்னது. நான்கைந்து முறை சுற்றியபின் ஒரு முனை முந்தி ஏறியது. பேனாவில் ஒரு நூல் தன்மேலேயே ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தண்டு தடித்துவிட்டதால் ஒரு சுற்றுக்கு அதிக நூல் இழுத்தது. இரண்டு நூலுக்கும் நடுவே ரப்பர் பேண்டைச் சுற்றித் தடுப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 செ.மீ. அகலம் ஒதுக்கியதும் சரியானது.

10.40-க்குப் பிள்ளையைப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். தண்டவாளம் வரைவதும் கடலுக்கு நீலத் தாள் ஒட்டுவதும் காலை 5.30-க்கு. சார்ட் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே, கோபுரம் காய்கிற நேரத்தில் அவள் கையெழுத்தில் முடிந்திருந்தது. அம்மா எழுதித் தரவா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள். கண்டுபிடித்திருப்பார்தான்.

கொண்டுபோனது

பல மாதிரிகள் பள்ளி வாசலைச் சேராமல் சாவது வழியில்தான். வாடைக்காற்றில் 65 செ.மீ. தெர்மாகோல் பலகை பாய்மரம் போல விசிறும். பைக்கின் பின்னால் பிடித்துப் போகவே கூடாது. பாலத்தைக் கீழே இறக்கி, எதிர் எடைத் தட்டுகளைக் கோபுரக் காலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, முழுவதையும் பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் மடிமேல் வைத்துச் சித்தப்பா கொண்டுபோய் இறக்கினார். பையில் உபரியாக இருந்தவை: முறுக்கிய நூல் ஒரு முழம், ஒரு கப்பி, 1 ரூபாய் நாணயம் நான்கு.

வகுப்பில் இரண்டாவது முறை தூக்கும்போது ஒரு நூல் கப்பியை விட்டு இறங்கியது. பிள்ளை தட்டை விரலால் தாங்கி, நூலைத் தளர்த்தி, பள்ளத்தில் ஏற்றிவிட்டாள். ராத்திரி நான்கு முறை செய்த வேலை அது. டீச்சர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பாலம் மேலே இருக்கும்போது எடை எங்கே இருக்கும், ஏன்? கைப்பிடியைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சொன்னாள்.

புதன்கிழமை மாதிரி வீட்டுக்குத் திரும்பியது, தட்டில் 32 ரூபாயும் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கு ஒத்திவைத்த திட்டு நடந்ததாகத் தெரியவில்லை; டைரியில் உள்ள அடுத்த செயல்திட்டத்தின் தேதியை மட்டும் அம்மா தையல் மெஷினுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.